விற்றுப்போன இருளப்பசாமி

வாசிக்கிற எல்லாருக்கும் வணக்கம். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, மாத்திரையை மறக்காமல் போடுகிறீர்களா? எனக்கு முழங்கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை. மற்றதெல்லாம் கர்த்தர் கிருபையில் ஓடுகிறது. உட்கார்ந்த இடத்தில் இருந்து சொல்லக்கூடிய கதை ஒன்று இருக்கிறது. தொண்ணூற்றிரண்டாம் வருடம் நடந்தது. டீயைக் குடித்துவிட்டே படியுங்கள், அவசரமில்லை.

என் வீட்டுக்காரர் சாம்ராஜ் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். பாளையம்பட்டியில் குடியிருந்தோம். அருப்புக்கோட்டையில் இவரைப்போலப் படம் போடுகிற ஆறு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். பொங்கல் கழிந்த சனிக்கிழமை, மாதா கோவிலுக்குப் பின்னால் இருக்கிற ஹாலில் வருடா வருடம் கண்காட்சி நடத்துவார்கள். மனித உருவம் மட்டும்தான் வரைய வேண்டும் என்று ஒரு சட்டம். ஏன் என்றால், முதல் வருடம் இயற்கைக் காட்சிக்கும் இடம் கொடுத்துப் பார்த்தார்கள். ஆறு பேரும் சொல்லி வைத்த மாதிரி அருவி வரைந்து கொண்டுவந்தார்கள். அதில் ஒருத்தர்கூட அருவியை நேரில் பார்த்தவர் கிடையாது. நம் பக்கத்தில் நேரில் பார்த்து வரையக்கூடிய இயற்கை வேலிக்கருவைதான். அதை வரைந்து மாட்டினால் ஆடுகூடத் திரும்பிப் பார்க்காது. அதனால் இனிமேல் மனிதர்கள் போதும் என்று முடிவாயிற்று.

கூட்டத்துக்குக் குறைவில்லை. டீயும் காராச்சேவும் இலவசம், ஹாலில் நான்கு ஃபேன் ஓடும். வருகிறவர்கள் படத்துக்கு முன்னால் நின்று கேட்பதெல்லாம், "இது யாரு? எந்த ஊரு? யாரு வீட்டு ஆளு?" என்பதுதான். தெரிந்த ஆளாக இருந்தால், "மூக்கு அவுக மூக்கு மாதிரி இல்லையே" என்பார்கள். தெரியாத ஆளாக இருந்தால், "இவரை எதுக்கு வரைஞ்சீக?" என்பார்கள். ஒருத்தரும் வாங்குவதில்லை. எட்டு வருடமாக ஆறு பேர் மாட்டிய படத்தில் ஒன்றுகூட விற்றதில்லை. எங்கள் கட்டிலுக்கு அடியில் மட்டும் பதினேழு பேர் படுத்திருந்தார்கள்.

ஒன்பதாவது வருடம் கண்காட்சிக்கு முந்தின நாள் இவர் என்னிடம் சொன்னார்: "ஸ்டெல்லா, இந்த வருசமும் ஒண்ணும் போகலைன்னா நான் விட்டுறப்போறேன். பிள்ளைகளுக்குப் போர்டுல மாம்பழம் போட்டுக் காட்டிக்கிட்டு ரிட்டையர் ஆகிருவேன்."

"போன வருசமும் இதைத்தான் சொன்னீக" என்றேன்.

"போன வருசம் கோவத்துல சொன்னேன். இந்த வருசம் யோசிச்சுச் சொல்றேன்."

அவர் கோபத்தில் சொல்வதை நான் எடுத்துக்கொள்வதில்லை. இது நிதானமாக வந்தது. அதனால் ராத்திரி ஜெபத்தில் ஒரு வரி கூடுதலாகச் சேர்த்தேன். ஒரே ஒரு படம் போதும் ஆண்டவரே, யாராவது புத்தி பிசகியாவது வாங்கட்டும் என்று.

அந்த வருடம் இவர் வரைந்தது இருளப்பசாமி என்கிற பெரியவரை. திருச்சுழிக்கு அந்தப் பக்கம் வீரசோழன் போகிற ரோட்டில் ஒரு ஊர். எழுபத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நிலமெல்லாம் இரண்டு மகன்களுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுப் பம்புசெட்டு ரூமில் படுத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஒரு மாதம் மூத்தவன் கோட்டைச்சாமி வீட்டில், மறுமாதம் இளையவன் கருத்தப்பாண்டி வீட்டில். எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். முப்பத்தொன்றாம் தேதி மட்டும் யாருடைய முறை என்று ஊர்க்கூட்டம் போட்டும் தீரவில்லை. அன்றைக்கு மட்டும் அவர் பஸ்ஸேறித் திருச்சுழிக்கு வந்து டீக்கடையில் இரண்டு பன் சாப்பிட்டுவிட்டுப் போவார். அப்படி ஒரு முப்பத்தொன்றாம் தேதி பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் இவர் கண்ணில் பட்டார். கரிக்கோட்டில் வரைந்து, மேலே லேசாக வாட்டர் கலர் தடவி, கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார். நான் சும்மா சொல்லவில்லை, அந்த முகத்தைப் பார்த்தால் பசிக்கிறதா என்று கேட்கத் தோன்றும்.

கண்காட்சியன்று காலையில் ஒரு அதிகாரி வந்து ரிப்பன் வெட்டினார். அவருக்குப் போட்ட மாலையைக் கழற்றிப் பக்கத்தில் நின்ற இவர் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மாலையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்பது? இவர் தன் படத்து ஆணியிலேயே தொங்க விட்டுவிட்டார். நாங்கள் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள். படத்துக்கு மாலை போட்டால் என்ன அர்த்தம் என்று இவர் புத்திக்கு உடனே வராது. எனக்காவது வந்திருக்க வேண்டும். நான் காராச்சேவுத் தட்டை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினொரு மணிக்கு டாக்டர் வெள்ளத்துரை வந்தார். டவுனில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். மற்ற படங்களையெல்லாம் நடந்துகொண்டே பார்த்தவர், இருளப்பசாமியிடம் வந்ததும் நின்றுவிட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிக் குனிந்து பார்த்தார். என் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"யாரு சார் வரைஞ்சது?"

"நான்தான் சார்."

"வலது கண்ணுல புரை. நகமெல்லாம் வெளுத்துக் கெடக்கு. ரத்தசோகையை இம்புட்டு சுத்தமா நான் படிச்ச புஸ்தகத்துலகூடப் போடல."

"அந்த முகத்துல ஒரு தனிமை இருக்கு சார். அதைத்தான்..."

"தனிமை கெடக்கட்டும். காலு வீங்கியிருந்துச்சா? இடுப்போட நிறுத்திட்டீகளே."

அப்படியும் வாங்கிக்கொண்டார். ஆஸ்பத்திரி முன்னறையில் மாட்டினால், இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுக்கும்போது காட்டிப் பேச வசதியாக இருக்கும் என்றார். இவருக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். நான் மனதுக்குள் ஆண்டவரே போதும் என்றேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம்.

குழுவுக்குச் செயலாளர் மரியராஜ். போர்டு எழுதுகிறவர். ஒருதடவை மெட்ராஸில் பெரிய கண்காட்சி பார்த்துவிட்டு வந்தவர். அங்கே விற்ற படத்தின் ஓரத்தில் சின்னதாகச் சிவப்பு வட்டம் ஒட்டுவார்களாம். முதல் வருடமே ஒரு பாக்கெட் சிவப்பு வட்டம் வாங்கிக்கொண்டு வந்து, ஒன்பது வருடமாகச் சட்டைப்பையில் வைத்துக் காத்துக்கொண்டிருந்தார். இப்போது எடுத்துப் பார்த்தால் பசையெல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது. மனிதர் ஃபேன்ஸி ஸ்டோருக்கு ஓடி, சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு அட்டை ஒன்று வாங்கி வந்தார். அதிலும் இருக்கிறதிலேயே பெரிய சைஸு.

"ஓரத்துல ஒட்டுங்க மரியராஜ்" என்றார் இவர்.

"ஒம்பது வருசத்துக்கு ஒண்ணு வித்திருக்கு. ஓரத்துல ஒட்டுனா எவனுக்குத் தெரியும்?" என்று சொல்லி, கண்ணாடியின் மேல்பக்கம் நட்டநடுவில், எல்லார் பார்வையும் முதலில் விழுகிற இடத்தில் ஒட்டினார். அது இருளப்பசாமியின் நெற்றி.

மணி பன்னிரண்டு இருக்கும். இரண்டு கையிலும் பையோடு ஒரு பெண் உள்ளே வந்தாள். பொங்கலுக்கு எடுத்த சேலையை மாற்ற டவுனுக்கு வந்தவள். இரண்டு மணி பஸ் வரைக்கும் உட்கார இடம் தேடி வந்திருக்கிறாள். நான் டீ கொடுத்தேன். ஒரு வாய் குடித்துக்கொண்டே சுவரைச் சுற்றிப் பார்த்தவள், டம்ளரைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அவள்தான் சந்தனம்மாள். இருளப்பசாமியின் இளைய மருமகள், கருத்தப்பாண்டியின் பெண்டாட்டி. மாமனார் படம், கழுத்தருகே மாலை, நெற்றியில் பொட்டு. அவளுக்கு வேறு என்ன சொல்ல வேண்டும்?

"வட்டில்ல சோறு வச்சிருந்தேன், வாசலையே பாத்திருந்தேன், எங்க மொறை வருமுன்னே எங்க போனீக மாமா..."

நம் பக்கத்துப் பழக்கம் உங்களுக்குத் தெரியும். ஒருத்தி மாரடித்துக்கொண்டு உட்கார்ந்தால், செத்தது யார் என்று கேட்டுக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை. முதலில் கட்டிப்பிடித்து அழ வேண்டும், விவரமெல்லாம் பிறகு. படம் பார்க்க வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். அதில் மூன்று பேர் எங்கள் சபைப் பெண்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே போய் நின்றார்கள். எழவு நடக்கிற இடத்தில் எப்படித் தின்பது என்று ஒருத்தர் காராச்சேவுத் தட்டை மேஜையில் திருப்பி வைத்தார். இன்னொருத்தர் யோசித்துவிட்டு மடியில் கொட்டிக்கொண்டார்.

நான் அவள் பக்கத்தில் போய்க் குனிந்தேன். "ஏம்மா, யாரும் சாகலம்மா. இது படம். கண்காட்சி நடக்குது."

"மாலை போட்டு, பொட்டு வச்சு, அப்புறமும் சாகலைங்கிறீகளே. எனக்குத் தெரியாதுன்னா மறைக்கிறீக? இந்த மாசம் பெரியவுக வீட்டு மொறை. செத்ததை மூடி மறைச்சுட்டாக. பம்புசெட்டு யாருக்குன்னு இன்னும் எழுதல. கைரேகை வாங்கிட்டு மூடி மறைச்சுட்டாக."

இதற்குள் வாசலில் நின்ற ஒரு புண்ணியவான் ஓடிப்போய்த் திருச்சுழி பஸ் கண்டக்டரிடம் தகவல் சொல்லி அனுப்பிவிட்டான். உண்மையைச் சொல்லி அனுப்ப யாரும் ஓடவில்லை.

இரண்டரை மணிக்கு ஒரு டெம்போ வந்து நின்றது. உள்ளே இருபது பேர், ஆறு மாலை. கோட்டைச்சாமியும் கருத்தப்பாண்டியும் வழியெல்லாம் சண்டை போட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள். இறங்கும்போதே சண்டையின் பாதியில் இருந்தார்கள்.

"ஏலே, நான் எதுக்குலே மறைக்கணும்?"

"அப்ப அய்யா எங்கண்ணே? ஒன் வீட்டு மொறைதான? காட்டு."

"பம்புசெட்டுல காணோம்லே."

"காணோம்னா தேடணுமா, படம் வரைஞ்சு டவுனுல மாட்டணுமா?"

நான் மூத்தவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஏங்கய்யா, உங்க வீட்டுலதான சாப்பிடுறாரு? அவரு உயிரோட இருக்காரா இல்லையான்னு உங்களுக்கே தெரியாதா?"

கோட்டைச்சாமி தலையைச் சொறிந்தார். "முந்தாநேத்து அந்தப் பக்கமாப் போனாப்புல இருந்துச்சும்மா. இல்ல, அது அதுக்கு முந்துன நாளோ என்னமோ. தூக்குச்சட்டியில ஊத்தி வச்சிருவோம், காலியா இருக்கும். நாயி குடிச்சாலும் காலியாத்தான இருக்கும்."

அவர்மேல் கோபம்கூட வரவில்லை எனக்கு. மனிதர் உள்ளதைச் சொன்னார்.

மூன்று மணிக்கு இருளப்பசாமி வந்தார். என் வீட்டுக்காரர் அவரைப் படம் பார்க்க வரச்சொல்லிக் கடுதாசி போட்டிருந்தார். காலையிலேயே கிளம்பியவர், பஸ்ஸை விட்டுவிட்டு, வழியில் கிடைத்த உப்பு லாரியில் ஏறி, பந்தல்குடி சுற்றி வந்திருக்கிறார். வெள்ளைத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஹால் வாசலில் நின்றார். உள்ளே அழுகை, வெளியே மாலையோடு ஆட்கள். கண் சரியாகத் தெரியாததால் யாரையும் அடையாளம் தெரியவில்லை; ஊர்க்காரர்கள் கண்ணெல்லாம் மகன்கள் சண்டையில் இருந்தது.

"யாருப்பா செத்தது?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

"இருளப்பசாமின்னு ஒரு பெரியவரு. திருச்சுழிப் பக்கமாம்."

துண்டை இன்னொரு தரம் உதறிப் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார்: "அழுகுறது யாரு?"

"சின்ன மருமகளாம். பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சது, இன்னும் நிறுத்தல."

"அடேயப்பா" என்றார். "கெட்டிக்காரி. எனக்கு இம்புட்டு இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல."

சந்தனம்மாள் அந்தக் குரலைக் கேட்டு நிமிர்ந்தாள். அழுகை அப்படியே வாயில் நின்றது. அவள் கையைப் பிடித்து அழுதுகொண்டிருந்த எங்கள் சபைப் பெண்கள், அவள் எதற்கு நிறுத்தினாள் என்று தெரியாமல் இன்னும் இரண்டு நிமிடம் தொடர்ந்தார்கள்.

அப்பா உயிரோடு நிற்கிறார் என்றதும் மகன்களுக்கு வந்தது சந்தோஷம் இல்லை, வெட்கம். இருபது பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்களே. அந்த வெட்கம் கோபமாகி என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பியது.

"உசுரோட இருக்க மனுசனுக்குப் பொட்டு வச்சது யாரு?"

மரியராஜ் முன்னால் வந்து விளக்கினார். மெட்ராஸில் இப்படித்தான் என்றார். பொட்டு ஒட்டினால் படம் விற்றுவிட்டது என்று பொருள் என்றார். அவர் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

"வித்துட்டீகளா?" என்றார் கோட்டைச்சாமி. "எங்கய்யாவையா? எங்களக் கேக்காமலா?"

"படத்தைத்தானய்யா வித்தோம்."

"எந்த ஊருக்காரனுக்கு?"

டாக்டர் வெள்ளத்துரை அப்போதுதான் படத்தை எடுத்துப்போக வந்திருந்தார். ஆளைப் பார்த்ததும் நேராக இருளப்பசாமியிடம் போய்க் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். அப்புறம் குனிந்து காலைப் பார்த்தார். "வீங்கித்தான் இருக்கு" என்று என் வீட்டுக்காரரிடம் திருப்தியாகச் சொன்னார்.

பிரச்சினை இப்போது இதுதான். பொட்டை எடுக்க வேண்டும், படத்தைக் கொடுக்க வேண்டும் என்று மகன்கள் நின்றார்கள். பொட்டை எடுத்தால் விற்றது செல்லாது, விதி அப்படி என்று மரியராஜ் நின்றார். விதியை எழுதியவரும் அவரே. என் வீட்டுக்காரர் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்றார். ஒன்பது வருடத்தில் ஒன்று, அதுவும் போகப்போகிறது. அவர் முகத்தில் அது எழுதியிருந்தது எனக்குத் தெரிந்தது. கூட்டத்தில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

சரி, படத்தைக் கொடுத்தால் எந்த மகனுக்குக் கொடுப்பது? அதில் அடுத்த சண்டை.

"மூத்தவன் நான். என் வீட்டுலதான் இருக்கணும்."

"அப்படின்னா ஒரு மாசம் ஒன் வீட்டுல, ஒரு மாசம் என் வீட்டுல."

"முப்பத்தொண்ணாந்தேதி?" என்று கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

"அன்னைக்கும் என் வீட்டுலதான்" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில்.

இருளப்பசாமி ஒரு நாற்காலியை இழுத்துத் தன் படத்துக்குக் கீழே போட்டு உட்கார்ந்தார். மகன்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்துக்குக் கஞ்சி ஊத்த வேணாம். அதான்டா போட்டி. ஏலே பெரியவனே, படம் வேணுமா, நான் வேணுமா? இப்பவே சொல்லு, கையோட வாரேன். ஒன் வீட்டுத் தார்சாவுல ஒரு ஓரம் படுக்கப் போதும். சின்னவனே, நீ சொல்லு."

கோட்டைச்சாமி ஃபேனைப் பார்த்தார். கருத்தப்பாண்டி டெம்போக்காரர் வெயிட்டிங் போடுகிறாரா என்று வாசலைப் பார்த்தார்.

"டாக்டரய்யா, எடுத்துட்டுப் போங்க" என்றார் பெரியவர். "இம்புட்டு வயசுல என்னைய வேணும்னு கேட்டு வந்த மொத ஆளு நீங்கதான். வாத்தியாரே, வித்தது வித்ததுதான். பொட்டு இருந்துட்டுப் போகட்டும், எனக்கு ஒண்ணும் கனக்கல."

டாக்டர் படத்தை எடுத்துக்கொண்டு போனார். பெரியவரை வாரம் ஒருதடவை வரச்சொல்லி மாத்திரையும் கொடுத்தார். முன்னறையில் மாட்டிய படத்தைப் பார்த்தவர்கள், "இவரு இந்த ஆஸ்பத்திரியிலதான் போனாரா?" என்று கேட்க ஆரம்பித்ததால், ஒரு மாதத்தில் அது உள்ளறைக்குப் போய்விட்டது. அது வேறு விஷயம். விற்றது விற்றதுதான்.

இவர் அன்று ராத்திரி தூங்கவே இல்லை. படம் வரைவதை விடுகிற பேச்சு அதோடு போயிற்று என்று நானும் நினைத்தேன்.

ஆனால் நம் ஜனங்களுக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டது. எழவு வீட்டில் போட்டோ தேடி அலைவதற்கு, ஆள் இருக்கும்போதே வரைந்து வைத்துவிட்டால் சவுகரியம். முதலில் வந்தது கோட்டைச்சாமிதான். ஊரில் கேலி தாங்கவில்லை, தன் வீட்டுக்கு ஒன்று, தம்பி வாங்கப்போவதைவிடப் பெரிய சைஸில் வேண்டும் என்றார். அப்புறம் திருச்சுழியைச் சுற்றி இருக்கிற ஊர்களில் இருந்தெல்லாம் மகன்கள் வந்தார்கள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று. ஒருத்தர் மாமியாருக்கு மட்டும் அவசரம் என்றார். ஒன்பது வருடமாக வராத ஆர்டரெல்லாம் ஆறு மாதத்தில் வந்தது. இவர் சைக்கிள் ஊருக்குள் நுழைந்தால், வெளியே உட்கார்ந்திருக்கிற பெரியவர்கள் எழுந்து வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தார்கள்.

ஆவணி மாதம் என்று நினைக்கிறேன், ஒருநாள் பேப்பரில் ஒரு கோடுகூடப் போடாமல் திரும்பி வந்தார். வீரசோழனுக்குப் பக்கத்தில் கருத்தம்மாள் என்று ஒரு அம்மாவை வரையப் போயிருந்தார். மகன் ஆர்டர். அந்த அம்மா சேலையை இழுத்து மூடிக்கொண்டு ஒழுங்காக உட்கார்ந்து, இவர் பென்சில் சீவுகிறதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டுக் கேட்டிருக்கிறது: "எம் மகன் தேதி ஏதும் சொன்னானாய்யா?"

"நான் என்னத்தச் சொல்ல ஸ்டெல்லா?" என்றார் இவர்.

அதோடு மகன்கள் கொடுக்கிற ஆர்டரை வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டார். வந்ததையெல்லாம் மரியராஜுக்கும் மற்றவர்களுக்கும் திருப்பிவிட்டார். அடுத்த வருடக் கண்காட்சியில் அவர்கள் ஐந்து பேரும் சேர்ந்து நாற்பத்தொரு கிழவன் கிழவிகளை மாட்டினார்கள். காலை பத்து மணிக்குள் எல்லாம் போய்விட்டது. ஹாலுக்குள் நுழைந்தால் ஒரு ஊரே செத்துப்போன மாதிரி இருந்தது.

இவர் ஒரே ஒரு படம் வைத்திருந்தார். கருத்தம்மாள்தான். அந்த அம்மாவே மறுபடி ஆள் அனுப்பி, வெற்றிலை போட்டுக்கொண்டு யாரையோ திட்டி வைகிற மாதிரி வரையச் சொன்னதாம். மகன் வந்து பார்த்தார். அம்மா படத்தில் வைவது தன்னைத்தான் என்று தெரிந்து வேண்டாம் என்று போய்விட்டார். வேறு யாரும் வாங்கவில்லை. சாயங்காலம் படத்தைக் கழற்றிப் பேப்பரில் சுற்றும்போது நான் கயிற்றைப் பிடித்துக் கொடுத்தேன். ஒன்றும் போகாவிட்டால் விட்டுவிடுவேன் என்று போன வருடம் சொன்னதை ஞாபகப்படுத்த எனக்கு வாய் வரவில்லை. அவரே சொன்னார்: "திங்கக்கெழமை சாயங்காலம் திருச்சுழிக்குப் போயிட்டு வாரேன். அந்தம்மாவோட தங்கச்சி ஒண்ணு இருக்காம். இதைவிட நல்லா வையுமாம்."

இவ்வளவுதான் நடந்தது. உங்கள் பக்கத்திலும் ஆள் உயிரோடு இருக்கும்போதே எழவு கூட்டிய கதை ஒன்றாவது இருக்கும், இல்லாமல் இருக்காது. யார் முதலில் அழுதது, யார் மாலை வாங்கியது, பிறகு அந்த மாலையை என்ன செய்தீர்கள், எல்லாவற்றையும் கீழே எழுதுங்கள். சொந்தக்காரர்களுக்குத் தெரிந்துவிடும் என்றால் பேரை மாற்றிக்கொள்ளுங்கள், நான் யாரிடமும் கேட்க மாட்டேன்.